மதுரை வீடுகளில் ரேடியோ முதல் கைபேசி வரை: பொழுதுபோக்கும் மூன்று தலைமுறைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேடியோ, டிவி பழுது பார்ப்பது என் தொழில். அப்பாவுக்கும் அதுதான். மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் கடை. இந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு. சொந்தக்காரர்களே வாசலோடு பேசி அனுப்பப்படும் வீடுகளிலும் மெக்கானிக் நேராகக் கூடம்வரை போய்விடுவான். பெட்டியைத் திறந்துபோட்டு அவன் உட்கார்ந்துவிட்டால், அங்கே ஓர் ஆள் இருப்பதையே வீட்டார் மறந்துவிடுவார்கள். அப்படிக் கண்டதையும் கேட்டதையும் வைத்து, பேரப்பிள்ளைகளும் கடைக்கு வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ரேடியோ வருவதற்கு முன் வீட்டுக்குள் என்ன பொழுதுபோக்கு இருந்தது?

ஆண்களுக்கு ஒன்றும் கிடையாது. அவர்களுடையதெல்லாம் வெளியில்தான்: நாடகக் கொட்டகை, திருவிழா, பஜனை மடம், டீக்கடை. மதுரை நாடகத்துக்குப் பேர்போன ஊர். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை 1918இல் தொடங்கியது இங்கேதான். சுற்றுவட்டாரக் கிராமங்களில் இன்றும் திருவிழா என்றால் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கிறது.

வீட்டுக்குள் விளையாடியவர்கள் பெண்களும் பிள்ளைகளும். பல்லாங்குழி, தாயம், சொட்டாங்கல், வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்கப் பரமபதம். பழைய வீடுகள் சிலவற்றில் தாயக்கட்டத்தைத் திண்ணைக் கல்லிலேயே செதுக்கியிருப்பார்கள். ஆண் வெளியே, பெண் உள்ளே என்ற இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த ஒவ்வொரு பெட்டியும் அதைத்தான் ஏதோ ஒரு பக்கம் அசைத்தது.

ரேடியோ வந்ததும் என்ன மாறியது?

மாலையில் ஆண்கள் வீட்டில் உட்காரத் தொடங்கினார்கள். என் கணக்கில் அதுதான் முதல் பெரிய மாற்றம்.

திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. ஆனால் மதுரையில் நடுத்தரக் குடும்பங்களுக்கு ரேடியோ வந்து சேர மேலும் இருபது ஆண்டுகள் பிடித்தன. கிராமத்தில் பஞ்சாயத்து அலுவலகத்து ரேடியோதான் எல்லோருக்கும் பொது. வீட்டில் வாங்கியவர்கள் ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். 1980களின் நடுவில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. இதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை.

வால்வு ரேடியோவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மரப்பெட்டி, முன்பக்கம் துணி போர்த்திய ஸ்பீக்கர், ஊர்ப் பெயர்கள் அச்சிட்ட கண்ணாடித் தகடு. திருகியதும் பாடாது. உள்ளே வால்வுகள் சூடேறி ஆரஞ்சு நிறத்தில் கனிய வேண்டும். அதற்குள் ஒரு வாய் வெற்றிலை போட்டுவிடலாம். சுவருக்குச் சுவர் செம்புக் கம்பி வலையாக ஏரியல் கட்டியிருப்பார்கள். பெட்டி இருக்கும் இடம் பெரும்பாலும் ஆளுயரப் பலகை. பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது என்பார்கள். உண்மையில் அது பெண்களின் கைக்கும் எட்டாத உயரம். பழுது பார்க்கப் போகும் அப்பா, பெட்டியைக் கழற்றுவதற்கு முன் வீட்டுப் பெரியவரின் அனுமதிக்காகக் காத்திருப்பார். அந்தப் பெரியவர் வெளியூர் போயிருந்தால் வேலை நடக்காது.

செய்தி, கர்நாடக சங்கீதக் கச்சேரி, வேளாண் நிகழ்ச்சி. பெரியவர் கேட்டது இதைத்தான். அவர் வெளியே கிளம்பியதும் முள் நகரும், இலங்கை வானொலிக்கு. அதன் தமிழ்ச் சேவைதான் தென்மாவட்டத்து வீடுகளுக்குச் சினிமாப் பாட்டை அள்ளிக் கொடுத்தது. பிறந்தநாள் வாழ்த்தில் பெயர் வராதா என்று தபாலட்டை எழுதிப்போட்ட பெண்கள் எத்தனையோ பேர். பெரியவர் செருப்புச் சத்தம் கேட்டதும் முள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். முள்ளை இழுக்கும் நூல் அறுந்து கடைக்கு வந்த பெட்டிகளுக்கெல்லாம் இதுதான் காரணம் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் காலத்துப் பொழுதுபோக்கு ஒழுக்கமாக இருந்தது என்கிறார்களே?

அதை அந்தக் காலத்துப் பெரியவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். நாடகக்காரனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கினார்கள். சினிமா பார்க்கும் பிள்ளை கெட்டுப்போகும் என்றார்கள்.

எம்.எஸ்.சுப்புலட்சுமி 1916இல் மதுரையில் பிறந்தவர். அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். பத்து வயதிலேயே எம்.எஸ். இசைத்தட்டில் பாடிவிட்டார். இசையைத் தொழிலாகக் கொண்ட மரபுப் பெண்களின் பாட்டை ரசித்த பெரிய குடும்பங்கள், அவர்களைச் சமமாக வீட்டுக்குள் அழைத்து உட்காரவைக்கத் தயாராக இல்லை. தட்டில் ஏறிய குரல் மட்டும் அதே குடும்பங்களின் கூடத்துக்கு வந்து பூசைநேரத்தில் ஒலித்தது. ஆளுக்குத் தடை, குரலுக்கு மாலை. இதை ஒழுக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1952 தீபாவளிக்குத் தங்கம் தியேட்டர் பராசக்தி படத்தோடு திறந்தது. 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே மார்தட்டிக்கொள்ளும். அந்தப் படத்தையே தடை செய்யச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. இன்று அதன் வசனத்தைப் பேரனுக்கு ஒப்பித்துக் காட்டும் தாத்தாக்கள், அன்று வீட்டுக்குத் தெரியாமல் போய்ப் பார்த்த பையன்கள்தான். அந்தத் தியேட்டரை 2011இல் இடித்துவிட்டார்கள்.

டெண்டு கொட்டகையில் சாதி வித்தியாசம் இல்லை என்பது உண்மையா?

கூடாரம் போட்டுச் சினிமா காட்டிய கொட்டகையைக் கேட்கிறீர்கள். பாதி உண்மை. டிக்கெட்டில் சாதி கிடையாது; தரை, பெஞ்சு, நாற்காலி என்று காசுதான். காசு இருந்தவன் நாற்காலியில் உட்காரலாம் என்பது அந்நாளில் சின்னச் சங்கதி அல்ல. ஆனால் கிராமத்துக் கொட்டகையில் யார் எந்த மூலையில் மணலைக் குவித்து உட்காருவது என்பதை டிக்கெட் தீர்மானிக்கவில்லை, ஊர் தீர்மானித்தது. பெண்களுக்குத் தனிப் பக்கம்.

மதுரைக்கு டிவி எப்போது வந்தது?

சென்னையில் 1975 ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷன் தொடங்கியது. மதுரைக்கு அது எட்டவில்லை. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி வந்ததும் ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்தில் ஆன்டெனாக்கள் முளைத்தன. மதுரையிலும் உயரமான குழாயும் பூஸ்டரும் வைத்தவர்களுக்கு, வானம் ஒத்துழைத்த நாள்களில், புள்ளிமழைக்கு நடுவே படம் தெரியும். 1980களின் பிற்பாதியில் கொடைக்கானல் மலையிலிருந்து உயர்திறன் ஒளிபரப்பு வந்த பிறகுதான் தென்மாவட்டங்களில் டிவி நிலைகொண்டது. எங்கள் கடைக்குச் சாலிடேர், டயனோரா டிவிகள் வரிசையாக வந்தது அப்போதுதான்.

அப்போது தெருவே ஒரு வீட்டில் கூடிப் பார்த்தது, எவ்வளவு ஒற்றுமை! இப்போது ஏன் அது இல்லை?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் டிவி இருந்த வீட்டுப் பிள்ளைகள். டிவி இல்லாத வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் வேறு கதை வரும்.

வெள்ளிக்கிழமை இரவு ஒளியும் ஒலியும் என்ற சினிமாப் பாட்டு நிகழ்ச்சி, ஞாயிறு மாலைப் படம். இரண்டுக்கும் கூட்டம் கூடும். சில வீடுகளில் தலைக்கு நாலணா வாங்கினார்கள். சில வீடுகளில் காசு வாங்கவில்லை. பதிலாகத் தண்ணீர் தூக்கிவரச் சொன்னார்கள், கடைக்கு அனுப்பினார்கள். வீட்டுக்காரர்கள் நாற்காலியில், நெருங்கியவர்கள் பாயில், மற்றவர்கள் வெறுந்தரையில். அதற்கும் அப்பால் சிலருக்குச் சன்னல் கம்பிதான் இடம். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் டிவி பழுது பார்க்கப் போயிருந்தேன். ஆன்டெனாவைத் திருப்பிக் கட்டிவிட்டுக் கீழே இறங்கியபோது நன்றாக இருட்டிவிட்டது. சன்னலுக்கு வெளியே ஏழெட்டுச் சிறுவர்கள். உள்ளே தாராளமாக இடம் இருந்தது. அவர்களை உள்ளே கூப்பிட்டால் என்ன என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சன்னலின் ஒரு கதவைச் சாத்தினார். பையன்கள் கூச்சல் போடவில்லை, திட்டவில்லை. பழகியவர்களைப்போல மற்றக் கதவின் பக்கம் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

கூடிப் பார்த்ததில் இன்பம் இருந்ததை நான் மறுக்கவில்லை. ஒருவருக்குப் பிடிக்காததையும் அடுத்தவருக்காகப் பொறுத்துக்கொண்டு பார்க்கும் பழக்கம் அப்போது இருந்தது. இப்போது அது அருகிவிட்டது. ஆனால் பெட்டிகள் குறைவாக இருந்ததால் கூடினோம். அவரவர்க்குக் கிடைத்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டோம்.

இந்தி தெரியாமல் இராமாயணத் தொடரை எப்படிப் பார்த்தார்கள்?

கதை தெரியுமே! 1965 சனவரி 25 அன்று இந்தித் திணிப்புக்கு எதிராக மாணவர்கள் வீதியில் இறங்கிப் பெருங்கலவரம் வெடித்த ஊர் மதுரை. சரியாக 22 ஆண்டுகள் கழித்து, 1987இல் அதே சனவரி 25 அன்றுதான் தூர்தர்ஷனில் இராமாயணம் தொடங்கியது. அன்று ஊர்வலத்தில் போன மாணவர்கள் சிலர், ஞாயிறு காலையில் குளித்து முடித்துப் பெட்டிக்கு முன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், மொழியை எதிர்த்தோமா, ராமனை எதிர்த்தோமா என்பார்கள். அதே வீட்டில் இந்திச் செய்தி வந்தால் உடனே அணைத்துவிடுவார்கள். முரண்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை.

“டெக் எடுப்பது” என்றால் என்ன?

வீடியோ கேசட் பிளேயரையும் கலர் டிவியையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுப்பது. அந்நாளில் காதுகுத்து, சடங்கு, கல்யாண வீடு என்றால் முதல்நாள் இரவு டெக் போட்டாக வேண்டும். மூன்று படம்: முதலில் பெரியவர்களுக்குச் சாமி படம், அடுத்து எம்.ஜி.ஆரோ சிவாஜியோ, விடியும் நேரத்தில் புதுப்படம். மூன்றாவது ஓடும்போது விழித்திருப்பது இளவட்டங்கள் மட்டும்தான். தியேட்டரில் பெண்பிள்ளைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த அப்பத்தாக்கள், டெக் ஓடும் முற்றத்தில் தூணில் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். அப்புறம் சில கல்யாணங்கள் அந்த முற்றங்களில் முடிவாயின என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

கேபிளும் சீரியலும் குடும்பத்தைக் கெடுத்தனவா?

1993 தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் டிவி தொடங்கியது. அந்தப் பத்தாண்டின் முடிவில் இரவுச் சாப்பாட்டு நேரமே மாறிப்போயிருந்தது. கேதம் கேட்கப் போகிறவர்கள்கூட சீரியலுக்கு முன் போய்த் திரும்பிவிடப் பார்த்தார்கள். இதையெல்லாம் குற்றமாக அடுக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அப்பாவின் பலகை ரேடியோ காலத்திலிருந்து நான் பார்த்தவரையில், பெண்கள் தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்தெடுத்து, வீட்டு ஆண்களைக் காத்திருக்கவைத்துப் பார்த்தது அப்போதுதான் முதல்முறை. சோறு வேண்டுமா, விளம்பரம் வரட்டும். இதைச் சொல்லும் தைரியம் அதற்கு முன் எத்தனை வீடுகளில் இருந்தது?

சீரியல்களின் சரக்கு வேறு விஷயம். அழுகை, சதி, மாமியார் கொடுமை. பொறுத்துப் போகிறவளே நல்லவள் என்ற பழைய பாடம். பெட்டியின் அதிகாரம் பெண்ணிடம் வந்தது. பெட்டிக்குள் இருந்த பெண்ணுக்கு வரவில்லை.

2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 14 அங்குலப் பெட்டியைக் குடிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. சன்னல் கம்பியைப் பிடித்து நின்றவர்களின் பிள்ளைகள் தங்கள் வீட்டுத் தரையில் கால்நீட்டி உட்கார்ந்து பார்த்தார்கள். இலவசம் என்று கேலி பேசியவர்களிடம் நான் வாதாடியதற்குக் காரணம் இதுதான். எனக்கு அதனால் பழுது வேலையும் கூடியது என்பதை மறைக்கவில்லை.

தலைமுறைச் சண்டையைப் பற்றிப் பட்டிமன்றங்கள் பேசினவே?

அதற்கும் மதுரைதான் வீடு. அமெரிக்கன் கல்லூரிப் பேராசிரியர் சாலமன் பாப்பையா, திருவிழா மேடையில் இருந்த பட்டிமன்றத்தைப் பண்டிகைக் காலையின் டிவி வழக்கமாக்கினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். கூட்டுக்குடும்பமா தனிக்குடும்பமா, பெற்றோரா பிள்ளைகளா என்ற தலைப்புகளை வீடே உட்கார்ந்து கேட்டது. நேருக்கு நேர் சொல்ல முடியாததை மருமகள் பேச்சாளர் வாயால் கேட்டுச் சிரித்துக்கொள்வாள். மாமியாரும் சிரிப்பார். தீர்ப்பு எப்படியும் இரு தரப்பும் சரி என்றுதான் முடியும்.

மின்வெட்டுக் காலத்தில் பழையபடி தெருவுக்கு வந்தோமே?

வந்தோம். 2012 வாக்கில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் போன நாள்கள் உண்டு. மொட்டை மாடியிலும் வாசலிலும் பாய் விரித்துப் பேசினோம். இன்வெர்ட்டர் வாங்கியதும் உள்ளே போய்விட்டோம்.

ஆளுக்கொரு கைபேசி வந்த பிறகு எந்த வழக்கம் முதலில் போனது?

பலரும் சேர்ந்து சாப்பிடுவதைச் சொல்வார்கள். நான் வேறொன்றைச் சொல்வேன்.

தெருவில் சாவு விழுந்தால் அன்று தெரு முழுக்க ரேடியோ பாடாது. யாரும் உத்தரவு போட்டதில்லை. பகையாளி வீட்டுச் சாவாக இருந்தாலும் திருகு நகராது. எங்கள் கடை தெருமுனையில் இருந்ததால், பழுது பார்த்த பெட்டியைச் சோதித்துப் பார்ப்பதற்குக்கூடப் பாடைபோய்ச் சேரும்வரை காத்திருப்போம். டிவி வந்தபோது விதி சற்று இளகியது: துக்க வீட்டுக்கு இரு பக்கமும் அணைத்தார்கள், தள்ளி இருந்தவர்கள் சத்தத்தைக் குறைத்துக் கதவைச் சாத்தினார்கள். கேபிள் காலத்தில் பக்கத்து வீடு மட்டும். இப்போது காதில் மாட்டிக்கொள்கிறார்கள். வெளியே ஒரு சத்தமும் கேட்பதில்லை; மரியாதைக் குறைவு என்று யாரையும் சொல்லவும் முடியாது. ஆனால் அணைக்கும்போது பிள்ளை ஏன் என்று கேட்கும். யார் இறந்தார், நமக்கு என்ன முறை என்று அம்மா சொல்லுவாள். அந்தக் கேள்வி இப்போது எழுவதில்லை. என் பேத்திக்கு எதிர்வீட்டுத் தாத்தா இறந்தது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை, தெரிந்ததும் அழுதாள்.

கைபேசியால் பெண்பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று வீட்டில் சண்டை. என்ன சொல்வது?

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தை மலிவாக்கியபின் எழுந்த சண்டை இது. 2019 ஏப்ரலில் டிக்டாக் செயலிக்குத் தடை விதிக்கச் சொன்னதே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான். அதே மாதத்தில் தடை நீங்கியது. 2020 சூனில் மத்திய அரசு வேறு காரணத்துக்காக அதை நிறுத்தியது. பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய கவலையில் நியாயம் உண்டு. சின்னப் பிள்ளைகளிடம் போனைக் கொடுத்துவிட்டு நிம்மதி தேடும் பெற்றோரை நானும் கண்டிக்கிறேன்.

ஆனால் வீடுகளில் நடக்கும் சண்டை பெரும்பாலும் அதைப்பற்றியது அல்ல. அண்ணன் விடியற்காலை இரண்டு மணிவரை பார்த்தால் பொழுதுபோக்கு; தங்கை பத்து மணிக்குப் பார்த்தால் விசாரணை. இருவருக்கும் ஒரே விதி வையுங்கள், சண்டையில் பாதி குறையும். ஆளுயரப் பலகையை மறுபடி அடிக்க வேண்டாம்.

சித்திரைத் திருவிழாவை வீட்டிலிருந்தே பார்ப்பது சரியா?

முட்டிவலிக்காரர்களிடம் கேளுங்கள். 2020இல் ஊரடங்கில் மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்து இணையத்தில் நேரலையாக வந்தது. அந்த நேரத்தில் வீட்டுத் திரைக்கு முன்னாலேயே பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அழகர் ஆற்றில் இறங்குவது அந்த ஆண்டு நடக்கவில்லை. இப்போது கூட்டம் பழையபடி வைகையில் நெரிகிறது. அதே நேரத்தில் துபாயிலிருந்து மகனும் பார்க்கிறான்.

வீட்டில் பழைய கேசட்டுகள் கிடக்கின்றன. தூக்கிப் போட்டுவிடலாமா?

சினிமாப் பாட்டு கேசட் என்றால் உங்கள் விருப்பம். பட்டியல் எழுதிக் கொடுத்து, 60 நிமிட நாடாவில் பக்கத்துக்கு அரைமணிப் பாட்டாகப் பதிந்து வாங்கியது நினைவுக்கு இனிக்கும், அவ்வளவுதான். அந்தப் பாட்டுகள் இன்று எங்கும் கிடைக்கின்றன.

உறையில் ஒன்றும் எழுதாத கேசட்டைத்தான் முதலில் எடுங்கள். குழந்தையின் மழலை, அப்பத்தாவின் தாலாட்டு, வெளிநாடு போனவருக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது, ஒப்பாரி. இவையெல்லாம் அப்படிப்பட்ட கேசட்டுகளில்தான் இருக்கின்றன. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓடவிடாதீர்கள். பதிவைப் படிக்கும் தலைப்பகுதியும் கெடும், நாடாவும் அறும். பென்சிலைப் பல்சக்கரத்தில் விட்டு மெல்லச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் நிறுத்திவிட்டு விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, ஓடும்போதே கணினியில் பதிந்துகொள்ளுங்கள். பதியும்போது வீட்டில் பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். எந்தக் குரல் யாருடையது என்று சொல்ல ஆள் வேண்டும். அதை உடனே உறையில் எழுதிவிடுங்கள்.